கடலடிப் பாரும் நம் கறிச்சட்டியும்

அருமனையில் நின்றால் கடல் தெரியாது. ரப்பர்த் தோட்டங்களும் வாழையும் மலைச்சரிவுகளும் சூழ்ந்த இவ்வூரிலிருந்து கடலடியைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். "தமிழ்த்துறை மலரில் மீனுக்கு என்ன வேலை?" என்று நண்பர் ஒருவர் நம்மிடம் நேரிலேயே வினவினார். மரச்சீனிக் கிழங்கை அவித்து வைத்துக்கொண்டு மீன் வண்டியின் ஒலிக்குக் காத்திருக்கும் எந்த வீட்டிலும் இவ்வினாவுக்கு விடை கிடைக்கும் என்று அவருக்குச் சொன்னோம். அன்று நண்பகல் அவரும் மீன்கறியோடுதான் உண்டிருந்தார். ஆகவே மேலும் வாதிடவில்லை.

உண்மையில் நாம் கடலுக்கு அயலார் அல்லோம். திற்பரப்பில் அருவியாய் விழும் கோதையாறு மூவாற்றுமுகத்தில் பறளியாற்றோடு கூடி, குழித்துறை வழியே ஓடி, தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக்கடலை அடைகிறது. நம் சரிவுகளில் மழைக்குக் கரையும் மண்ணும், தோட்டங்களில் தெளிக்கும் மருந்தும், ஓடையில் எறியும் நெகிழிப்பையும் அதே வழியில் கடலுக்குச் செல்கின்றன. எதிர்த்திசையில் மீன் வருகிறது. அன்று பெண்கள் தலைச்சுமடாகக் கொண்டுவந்தனர்; இன்று பனிக்கட்டியிட்ட பெட்டிகளில் வண்டியேறி வருகிறது. கொடுக்கலும் வாங்கலும் உள்ள இடத்தில் கணக்கு என்ற ஒன்றும் இருந்தாக வேண்டுமன்றோ? அக்கணக்கைப் பார்க்கும் ஓர் அறிவுத்துறையைப் பற்றியே ஈண்டு எழுத விழைகின்றோம்.

தேங்காய்ப்பட்டணக் கரையின் மாந்தர் வாழ்வைத் தமிழிலக்கியத்துள் கொண்டுவந்தவர் அவ்வூரில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988ஆம் ஆண்டு நூலாயிற்று. 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கரையின் கதை இவ்வாறு தமிழில் நன்கு எழுதப்பட்டுவிட்டது. கரைக்கப்பால், நீருக்கடியில் நடப்பவற்றின் கதையோ தமிழில் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை. தூத்தூர்க் கல்லூரியில் விலங்கியல் பயிற்றிய பேராசிரியர் வறீதையா கான்ஸ்தந்தின் போன்ற ஒருசிலர் நெய்தல் நிலத்தையும் அதன் தொழிலையும் பற்றித் தொடர்ந்து எழுதிவருவது போற்றத்தக்கது. ஆயினும் ஒருசிலர் போதார்.

'பார்' என்னும் சொல்லுக்கு உலகம் என்று வகுப்பில் பொருள் சொல்கிறோம். கடற்கரையில் அச்சொல்லுக்குக் கடலடிப் பாறைத்திட்டு என்பது பொருள். மன்னார் வளைகுடாவில் முத்து விளைந்த இடங்கள் முத்துப்பார் என்றே வழங்கின. பவளம் உதிர்ந்து இறுகிய கல்லை முருகைக்கல் என்பர். அகராதியில் தேடி எடுக்கவேண்டிய இச்சொற்கள் கடற்கரையில் நாள்தோறும் புழங்குகின்றன. நம் மேற்குக் கரையோரத்துப் பார்கள் பெரும்பாலும் கற்பாறைத் திட்டுகளே. பவளம் தானே கட்டியெழுப்பிய பார்களைக் காணக் கிழக்கே மன்னார் வளைகுடாவுக்கோ, மேற்கே இலட்சத்தீவுக்கோ செல்லவேண்டும். எவ்வகைப் பாராயினும் மீன் உண்டு, ஒளிந்து, முட்டையிட்டு, குஞ்சு வளர்க்கும் இடம் அதுவே.

கண்ணுக்குப் புலப்படாத இப்பாரை மீனவர் எவ்வாறு கண்டுகொள்கின்றனர்? கரையில் ஒரு கோபுரத்தையும் அதன் பின்னே ஒரு மலைமுகட்டையும் நேர்கோட்டில் கொள்வர். வேறொரு திசையில் இன்னும் இரு குறிகளை அவ்வாறே கொள்வர். இரு கோடுகளும் வெட்டுமிடத்தில் தூண்டில் இறங்கும். கோள்வழி இடங்காட்டும் கருவி வருவதற்கு முன்பு கடலில் இடம் குறித்தது இவ்வாறுதான். நாம் நாள்தோறும் கருதிப்பாராத நம் மலைமுகடுகளைக் கடலில் இருந்தவர்கள் கணக்கிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தனர் என்பதை முதன்முதலில் கேட்டபோது நாம் சற்று நாணினோம்.

இனிப் பவளப்பாரின் இயல்பைச் சிறிது காண்போம். பவளம் கல்லுமன்று, செடியுமன்று. மிகச்சிறு உயிரினங்களின் கூட்டுக்குடும்பம். ஒவ்வோர் உயிரின் உடலுக்குள்ளும் ஓரணு நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கிறது. தன்னை ஏற்றுக்கொண்ட உயிருக்கு அதில் பெரும்பங்கை ஈகிறது. அவ்வுணவின் வலுவில் பவளவுயிர் சுண்ணாம்புக் கூட்டை எழுப்புகிறது. தலைமுறை தலைமுறையாக எழும் அக்கூடுகளே பார். மூழ்கும் எரிமலைத் தீவைச் சுற்றிப் பவளம் மேல்நோக்கி வளர்வதாலேயே வளையத் தீவுகள் தோன்றுகின்றன என்று டார்வின் 1842ஆம் ஆண்டு எழுதினார். ஒளி வேண்டுமாதலால் தெளிந்த நீர் வேண்டும். கலங்கல் வந்து படிந்தால் பவளம் மூச்சடைத்து மடியும். வெப்பம் சில பாகை மிகுந்தாலோ பாசி வெளியேறிவிடும், பவளம் வெளிறும். விரைவில் வெப்பம் தணியாவிடில் அது பட்டினியால் சாகும்.

கடலடிப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தையே பவளப்பார்கள் கொண்டுள்ளன. கடல்வாழ் உயிரினங்களில் ஏறத்தாழக் காற்பங்கு ஏதேனும் ஒரு பருவத்தில் அவற்றைச் சார்ந்து வாழ்கின்றது என்பர். பவளப்பாரைச் சூழ்ந்த வெப்பக்கடல் சத்துக் குறைந்தது. பாலைவனத்து நடுவே சோலை அமைந்தாற்போன்று அங்கே இவ்வளவு உயிர் எங்ஙனம் தழைக்கிறது? இக்கேள்வியை இந்தியக் கடலில் முன்னின்று ஆராய்ந்தவருள் ஒருவர் சையத் ஜஹூர் காசிம். கவரத்தித் தீவின் பவளப்பார் எவ்வளவு உயிர்ப்பொருளை ஆக்கி நீரில் விடுகிறது என்பதைச் சங்கரநாராயணன் என்பாருடன் சேர்ந்து அளந்து 1970ஆம் ஆண்டு வெளியிட்டார். 1926இல் அலகாபாத்தில் பிறந்த இவர், தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் இயக்குநராக விளங்கினார். 1982 சனவரியில் அண்டார்டிகாவில் இறங்கிய இந்தியாவின் முதல் பயணக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். பின்னர் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் துணைவேந்தரானார், 2015இல் மறைந்தார். அவரைத் துருவப் பயணத்திற்காக நினைவுகூர்வோர் மிகச்சிலர். பவளப்பாருக்காக நினைவுகூர்வோர் அவரினும் சிலர். நம் மாணவச் செல்வங்கள் இப்பெயரைக் குறித்துக்கொள்வார்களாக.

பாரையும் மீன்பிடிப்பையும் இணைத்துப் பார்த்தவர் பிறிதொருவர். அவர் டாக்டர் எஸ். ஜோன்ஸ். மண்டபத்தில் தலைமையிடம் கொண்டிருந்த மையக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1957 முதல் 1970 வரை இயக்குநராக இருந்தவர். இலட்சத்தீவின் தென்கோடியான மினிக்காய்த் தீவில் சூரை மீன் பிடிக்கப் பயன்படும் இரைமீன்களை அவர் ஆராய்ந்தார். அவர் குமரனுடன் எழுதிய இலட்சத்தீவு மீன்கள் பற்றிய பெருநூல் 1980இல் வெளிவந்தது.

இரைமீனில் என்ன பெருமை என்று எண்ணலாம். மினிக்காய்த் தொழில்முறையை அறிந்தால் விளங்கும். அங்கே மீனவர் முதலில் பவளப்பார் சூழ்ந்த காயலில் சிறுமீன்களை வலையிட்டுப் பிடித்து, படகில் நீரோட்டமுள்ள தொட்டியில் உயிரோடு வைத்துக்கொள்வர். பின்னர் வெளிக்கடல் சென்று சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அச்சிறுமீன்களை வாரி எறிவர், நீரையும் தெளிப்பர். சூரைகள் வெறிகொண்டு மேலே வரும். வரிசையாக நிற்போர் எதிர்முள்ளில்லாத தூண்டிலை நீண்ட கழியில் கட்டி, ஒவ்வொன்றாய் வீசி எடுப்பர். ஒரு தூண்டிலுக்கு ஒரு மீன். வலைபோல் வேண்டியதும் வேண்டாததும் சேர்ந்து அள்ளப்படுவதில்லை. அச்சூரையை அவித்து, புகையிட்டு, உலர்த்தினால் மாசி ஆகிறது. மாசிக்கருவாட்டின் சுவை கடற்கரை இசுலாமியர் இல்லங்களில் எவருக்கும் அறிமுகம் செய்யவேண்டியதன்று.

வெளிக்கடல் சூரைக்கும் பவளப்பாருக்கும் தொடர்பில்லை என்று நினைப்பது பிழை என்பது இதனால் பெறப்படும். பார் கெட்டால் இரைமீன் இல்லை. இரைமீன் இன்றேல் சூரைத் தொழில் இல்லை. மறுதலையாகவும் ஓர் உண்மை உண்டு. மினிக்காயின் இத்தொழில் 1960களிலிருந்து அரசின் ஊக்கத்தால் பிற தீவுகளுக்கும் பரவிற்று. இயந்திரப் படகுகளும் வந்தன. மக்கள் சூரைக்குச் சென்றதால் பார் மீனின்மேல் சுமை குறைந்தது. கொந்தளிப்பான மழைக்காலத்தில் வீட்டுத் தேவைக்கு மட்டும் பாரில் பிடிப்பர். பவளத்தைக் காப்பதற்கென்று எவரும் இதனைத் திட்டமிடவில்லை. எனினும் காத்தது இதுவே.

இவ்வுண்மையை வெளிக்கொணர்ந்த ஆய்வாளருள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் ரோஹன் ஆர்தர். மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்னும் ஆய்வமைப்பைச் சேர்ந்தவர். இவர் இலட்சத்தீவுப் பார்களை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார். 1998ஆம் ஆண்டில் எல் நினோ வெப்பம் இந்தியப் பெருங்கடலைத் தாக்கியபோது இந்தியாவின் மூன்று பவளப் பகுதிகளை அவர் அளந்தார். இலட்சத்தீவுக் காயல்களில் பவளத்தில் நூற்றுக்கு 82 பங்கும், மன்னார் வளைகுடாவில் 89 பங்கும் வெளிறியிருந்தன. முன்னதில் 26 பங்கும் பின்னதில் 23 பங்கும் மடிந்தன. இவ்வளவு பேரிழப்புக்குப் பின் மீண்டும் பவளம் தளிர்க்குமா என்பதே அவர் அடுத்து எழுப்பிய வினா. அவ்வினாவுக்கு விடைகாண ஆண்டுதோறும் அதே தீவுகளுக்குத் திரும்பிச் சென்றார். கடலடியில் அளவுநாடாவை விரித்து அதன் இருபுறமும் எத்தனை மீன், எவ்வினம், என்ன நீளம், எவ்வளவு பவளம் என்று பலகையில் எழுதிவருவதே இத்தகைய ஆய்வின் அன்றாடப் பணி. புகழ் தரும் வேலையன்று. ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் எண்ணுதல் என்பது பொறுமைக்குச் சோதனை. நம் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டில் பட்டம், அதன்பின் மறதி என்னும் வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அவரும் அவர்தம் குழுவினரும் கண்டது யாது? பல பார்கள் மீண்டும் தளிர்த்தன. அதற்கு ஒரு காரணம் பாசி மேயும் மீன்கள். பவளம் மடிந்த கல்லின்மேல் பாசி படர்ந்துவிட்டால் புதிய பவளக்குஞ்சு ஒட்ட இடமிராது. கிளியின் அலகு போன்ற வாயுடைய மீன்களும் அவற்றின் உறவினங்களும் பாசியைக் கறண்டித் தின்று கல்லைத் தூய்மையாக்குகின்றன. (நம் சந்தையில் கிளிமீன் என்று விற்பது வேறு, அது சேற்றுத்தரையில் திரியும் சங்கரா வகை. பெயர் ஒற்றுமையால் மயங்கவேண்டா.) தீவினர் சூரையை விரும்பிப் பார் மீனை விட்டுவைத்ததால் இம்மேய்ச்சல் மீன்கள் நிறைய இருந்தன. மீன்பிடிக்கும் முறையில் ஏற்பட்ட ஒரு மாற்றம் பவளத்தின் பிழைப்புக்கு உதவிற்று.

எனினும் மகிழ்ச்சியோடு நிறுத்திவிட இயலாது. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் வெப்பம் தாக்கிற்று. 1998 தொடங்கி 2022 வரையிலான நெடுங்கால அளவீடுகளின்படி இலட்சத்தீவில் உயிருள்ள பவளப்பரப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துள்ளது. 2024இல் மறுபடியும் வெளிறல். ஒரு நோயிலிருந்து எழுமுன் அடுத்த நோய் வந்தால் எவ்வுடலும் தாங்காது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 64,473 பேரே வாழ்ந்த, ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர் நிலமே உடைய தீவுக்கூட்டம் அது. உலகின் வெப்பத்தை ஏற்றியவர் அவர்கள் அல்லர். அவர்கள் நிற்கும் மண்ணோ பவளம் பொடிந்து உண்டான மண்.

இதனிடையே சந்தையும் உள்ளே புகுந்துள்ளது. களவா, செம்பல்லி முதலிய பார் மீன்களுக்கு வெளியூர், வெளிநாட்டுத் தேவை பெருகிற்று. சூரையில் கிடைக்கும் வருவாய் ஏறியும் இறங்கியும் தடுமாற, கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தீவினர் சிலர் பாரின் பக்கம் திரும்பினர். களவாவின் வாழ்க்கைமுறையை அறிந்தோர் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. களவாவில் பல இனங்கள் முதலில் பெண்ணாகவே முதிர்கின்றன. வயதும் உடலும் பெருத்தபின் ஆணாக மாறுகின்றன. பெரிய மீனுக்கே நல்ல விலை என்று பெரியவற்றையே தேடிப் பிடித்தால் ஆண்களே அற்றுப்போகும் நிலை வரும். மேலும், அவை நிலவின் வளர்பிறை தேய்பிறையைக் கணக்கிட்டுக் குறிப்பிட்ட நாட்களில் குறிப்பிட்ட இடத்தில் திரண்டு முட்டையிடும். அவ்விடம் ஒருவருக்குத் தெரிந்துவிட்டால் சில நாட்களில் பல ஆண்டுகளின் செல்வத்தை வாரிவிடலாம். 2011இல் 271 பேரே வாழ்ந்த பித்ரா என்னும் சிறு தீவருகே அத்தகைய திரள் ஒன்றை ரோஹன் ஆர்தரின் குழுவினர் ஆராய்ந்தனர். அவ்வளவு நெருக்கமாகக் களவா கூடுமிடம் உலகில் அரிது.

இங்கே ஆய்வாளருக்கு ஓர் அறச்சிக்கல் எழுகிறது. கண்டதை எழுதினால் இடம் வெளிப்படும். எழுதாவிடில் காக்க வழியில்லை. நம் கருத்தில், ஆய்வின் முடிவை முதலில் கேட்கும் உரிமை அப்பாரில் மீன்பிடிப்பவருக்கே உரியது. வெளிநாட்டு ஆய்விதழுக்குச் சொல்லி முடித்தபின் மீனவருக்குச் சட்டமாக மட்டும் சொல்வது முறையன்று.

வளங்குன்றா மீன்பிடிப்பு என்பதை விளக்க அருமனையில் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. ரப்பர் மரத்தில் பால்வடிப்பவர் பட்டையை எவ்வளவு ஆழம் கீறலாம் என்பதை அறிவார். ஒருநாள் விட்டு ஒருநாள் மரத்துக்கு ஓய்வு தருவார். வெட்டிய பட்டை மீண்டும் வளரும்வரை மறுபுறம் செல்வார். விலை ஏறிவிட்டதே என்று நாள்தோறும் ஆழமாய்க் கீறினால் அவ்வாண்டு பால் மிகும், மரம் பட்டுப்போகும். பாருக்கும் இதே கணக்குத்தான். வேறுபாடு ஒன்றே: தோட்டத்துக்கு உடையவர் உண்டு, கடலுக்கு அத்தகைய ஒருவர் இல்லை. நான் விட்டுவைத்ததைப் பிறன் பிடித்துக்கொள்வான் என்னும் அச்சமே கடலில் பெரும் பகை.

மன்னார் வளைகுடா இதற்கு நேரெதிரான பாடம். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986இல் தேசியப் பூங்காவாயிற்று. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் முருகைக்கல்லைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் வண்டி வண்டியாக வெட்டினர். 2001இல் பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தபின்னரே அது படிப்படியாக நின்றது. இரு தீவுகள் நீரில் மூழ்கிப்போயின. தேயத் தொடங்கிய வான்தீவைக் காக்கத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2015 முதல் செயற்கைப் பார்களை அடுக்கி அலையின் வேகத்தைத் தணித்து வருகின்றனர். பவளத்தை வெட்டி விற்றுக் கிடைத்த பணத்தினும் சிமெந்தால் பார் கட்டும் பணம் குறைவாக இருக்கும் என்று எமக்குத் தோன்றவில்லை.

அங்கும் மக்களைப் பொருட்படுத்தாத காவல் இடர்ப்பாட்டையே விளைத்தது. தீவுகளைச் சுற்றித் தலைமுறைகளாகக் கடற்பாசி பறித்த பெண்கள் பூங்கா எல்லைக்குள் குற்றவாளிகள் ஆயினர். அப்பெண்களே பறிக்கும் நாட்களைத் தாமாகக் குறைத்துக்கொண்டு, பாசியின் வேர் கெடாமல் கையாற் பறிக்கும் முறையை வற்புறுத்தினர். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி இதற்காக 2015ஆம் ஆண்டின் சீகாலஜி விருதைப் பெற்றார். அறிவியல் பட்டம் அவருக்கில்லை. கடலை விட்டால் பிழைப்பில்லை என்னும் அறிவு இருந்தது.

"மீனவன் வயிற்றில் அடிப்பதற்கே இந்த ஆய்வெல்லாம்" என்று சொல்வோர் உளர். அவர்களை எளிதில் தள்ளிவிட நாம் ஒருப்படோம். ஆய்வின் பெயரால் விதிக்கப்பட்ட தடை எளியவனிடம் கடுமையாகவும் வலியவனிடம் மென்மையாகவும் நடப்பதைக் கண்டவர்களின் சொல் அது. ஆயினும் குமரிக் கரையின் வரலாற்றைப் புரட்டினால், பாரைக் காக்கக் குரல் முதலில் எழுந்தது ஆய்வுக்கூடத்தில் அன்று, கட்டுமரத்தில். இழுவலைப் படகுகள் கரையை ஒட்டி வந்து பாரை உரசி அழித்தபோது கட்டுமரத்தார் எதிர்த்தனர். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. கரையை ஒட்டிய 3 கடல்மைல் சிறுதொழிலாளருக்கென ஒதுக்கப்பட்டது. 1980களில் தென்திருவிதாங்கூர்க் கரையில் மீனவர் தம் கைப்பொருளைத் திரட்டிக் கல்லும் பிறவும் வாங்கிக் கடலில் இட்டுத் தாமே பார் அமைத்தனர். அழிந்த பாருக்கு மாற்றாக வேறொரு பார் வேண்டும் என்று கண்டவர்கள் அவர்கள். இன்று அரசு செலவில் செயற்கைப் பார் இறக்கப்படும்போது இம்முன்னோடிகளை எவரும் நினைவுகூர்வதில்லை.

தூத்தூர்ப் பகுதி மீனவரின் நிலை இன்னும் நுட்பமானது. ஆழ்கடலில் தூண்டில் இட்டுச் சுறா பிடிப்பதில் இந்தியாவிலேயே பெயர் பெற்றவர்கள் அவர்கள். மேற்கே இலட்சத்தீவுக் கடல் வரை செல்வர். அங்குள்ளோர் தங்கள் மீனை வெளியார் கொண்டுபோவதாகக் குறைகூறுவதுண்டு. அதே தீவினர்தாம் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது கரையொதுங்கிய நம் மாவட்டத்தாருக்கு உணவும் தங்குமிடமும் தந்தனர். கடலில் உறவும் பூசலும் ஒரே படகில் செல்கின்றன போலும். இரு கரையாரும் சேர்ந்து அமர்ந்து, எங்கே, எதனை, எக்கருவியால், எந்நாளில் பிடிக்கலாம் என்று பேசி முடிவுசெய்ய ஓர் அவை இதுவரை அமையாதது பெருங்குறை. ஆய்வாளர் அவ்வவையில் நீதிபதியாக அன்று, சான்றுரைப்பவராக அமரவேண்டும். குமரிமுனைக்குத் தெற்கே உள்ள வளமிக்க வாட்ஜ் கடல்திட்டு 1976 உடன்படிக்கையால் இந்தியாவின் உரிமைக்கு உட்பட்டது என்று பாடநூலில் படிக்கிறோம். அண்மை ஆண்டுகளில் குமரிக்கடலில் எண்ணெய், எரிவாயு தேடும் முயற்சிகள் தொடங்கியபோது முதலில் எதிர்த்து நின்றவர்களும் மீனவரே. நாம் செய்தித்தாளில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம்.

இனி நம் சந்தைக்கு வருவோம். சென்ற ஆண்டு ஒரு காலையில் விரல் நீளமே உள்ள மீன்குவியலை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிவந்தோம். விலங்கியல் பயிலும் மாணவி ஒருவர் தற்செயலாக வீட்டுக்கு வந்தவர் அதைக் கிளறிப் பார்த்து, அவற்றுள் நெத்திலி போலப் பிறவியிலேயே சிறியவை சில என்றும், ஏனையவை பெரிய மீனின் குஞ்சுகள் என்றும் பிரித்துக் காட்டினார். வாளைக்குஞ்சும் கிளிமீன்குஞ்சும் அதிலிருந்தன. ஒருமுறையேனும் முட்டையிடாத மீன்கள். சமைத்தோம், உண்டோம், மறைக்க விரும்பவில்லை. அன்றுமுதல் அத்தகைய குவியலை வாங்குவதில்லை. நம் ஊரிலிருந்து சிறிது தொலைவிலேயே எல்லை தொடங்கும் கேரளத்தில் 2015இல் 14 இனங்களுக்கும், பின்னர் விரிவாக்கி 58 இனங்களுக்கும் பிடிக்கத்தக்க மிகக்குறைந்த அளவைச் சட்டமாக்கினர். அங்கே பிடிக்கக்கூடாத குஞ்சு இங்கே சந்தைக்கு வந்தால் கடல் எல்லைக்கோட்டைப் பார்த்துக் கணக்கிடுமா?

நம் மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் இருவகை. கிழக்குக் கடற்பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் உள்ளிட்ட மேற்குக் கடற்பகுதிக்கு சூன் 1 முதல் சூலை 31 வரை. முன்னர் 45 நாட்களாக இருந்தது 61 நாட்களாயிற்று. அந்நாட்களில் மீன் கிடைக்கவில்லை என்று வணிகரிடம் சினந்துகொள்வோர் நம்முள் பலர். திருமண விருந்தில் அத்தடைக்காலத்திலும் பெரிய களவாவே வேண்டும் என்று பிடிவாதம் செய்வோரும் உளர். பெரியோர் இதனை எண்ணிப்பார்க்கவேண்டும். விருந்தின் பெருமை மீனின் நீளத்தில் இல்லை. சாளையும் அயிலையும் விரைவாய்ப் பெருகும் இனங்கள். சுவையிலும் சத்திலும் குறைந்தனவல்ல. தூண்டிலில் பிடித்த சூரையை நம் மலைப்பகுதியினர் கறுத்த இறைச்சி என்று ஒதுக்குவதற்கும் பழக்கமின்மையன்றி வேறு காரணம் இல்லை.

தமிழ்த்துறைக்கு இதில் பணி உண்டு என்று தொடக்கத்தில் வினவிய நண்பருக்கு இப்போது விடை கூறுவோம். கடலியல் ஆய்வுகள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. கடலை அறிந்தவர் தமிழிலும் மலையாளம் கலந்த நம் வட்டார வழக்கிலும் பேசுகின்றனர். இடையில் பாலம் இல்லை. பாரின் வகைகளுக்கு, நீரோட்டங்களுக்கு, காற்றுகளுக்கு, மீனின் பருவங்களுக்கு அவர்களிடம் தனித்தனிச் சொற்கள் உள. இடங்காட்டும் கருவி வந்தபின் இளைஞர் மலைக்குறி பார்ப்பதை விட்டுவிட்டனர். முதியவர் மறைந்தால் சொல்லும் மறையும், அச்சொல் குறித்த பாரும் மறதிக்குள் போகும். நெய்தல் திணையின் கருப்பொருளை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறும் மாணவர், பேருந்தில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அடையக்கூடிய தேங்காய்ப்பட்டணத்தில் அக்கருப்பொருளை உயிரோடு காணலாம்.

சென்ற விடுமுறையில் மாணவர் நால்வரை அழைத்துக்கொண்டு சென்றோம். வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் தமக்குத் தெரிந்த பார்களின் பெயரைச் சொல்லுமாறு வேண்டினோம். "எதுக்கு மக்களே, பரீட்சைக்கா?" என்று கேட்டார். ஆம் என்று ஒரு மாணவர் பொய் சொல்ல, மற்றொருவர் இல்லை என்று திருத்தினார். முதியவர் சிரித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருடனும் அதற்குரிய மலையையும் கோபுரத்தையும் சேர்த்தே சொன்னார். பதினோரு பெயர்களை எழுதிக்கொண்டோம். அவற்றுள் நான்கில் இப்போது மீன் இல்லை என்றார். ஏனைய பெயர்களைக் கேட்க அடுத்த மாதம் வரச்சொல்லியிருக்கிறார். விலங்கியல் துறையினர் இருவரும் எம்முடன் வர இசைந்துள்ளனர்.